ஊர் விழாவை நடனமாக்குவது: ஒரு ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸை முதல் பாரிலிருந்து அமைக்கும் முழு வழிகாட்டி

ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் ஆடுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கல்யாணமா, ஆசிரியர் ஓய்வு பெறுகிறாரா, ஊரில் விழாவா, உடனே ஒருவர் உட்கார்ந்து புது நடனம் அமைத்துவிடுவார். இப்படிச் சேர்ந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் பலவற்றில் விழா என்பது பெயரில் மட்டும்தான். பெயரை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டினாலும் நடனத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறந்தநாளுக்கு அமைத்த நடனத்தைப் பாலம் திறப்பு விழாவுக்கும் ஆடலாம்.

அதில் தப்பில்லை. ஆட சுகமாக இருந்தால் பெயர் எதுவாயிருந்தால் என்ன? ஆனாலும் விழா உண்மையிலேயே நடனத்துக்குள் இறங்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. விழாவின் காட்சியை எடுக்காதீர்கள், அதன் அசைவில் இருக்கும் ஒரே ஒரு விதியை எடுங்கள். அந்த விதியை நடனத்தின் 32 பாருக்கும் (பார் என்பது இசையின் ஒரு தாள அளவு) பிடித்துக்கொள்ளுங்கள். எப்படி என்பதை ஓர் உண்மையான விழாவை வைத்து, ஒரு முழு நடனத்தை அமைத்தபடியே காட்டுகிறேன். விழா, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் மோரே பகுதியிலுள்ள பர்க்ஹெட் ஊரின் கிளேவி எரிப்பு. நடனம், இந்த வழிகாட்டிக்காக நான் அமைத்தது.

முதலில் சட்டகம்

இந்த நடனத்தை ஆடியே இராதவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

நான்கு ஜோடிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். இதற்கு செட் என்று பெயர். இசைக்குழு இருக்கும் பக்கம் மேல், எதிர்ப்பக்கம் கீழ். ஆண் வரிசைக்கு இடது தோள் இசைக்குழுவின் பக்கம் இருக்கும், பெண் வரிசைக்கு வலது தோள். ஆண் வரிசை, பெண் வரிசை என்பது இன்று நிற்கும் இடத்தின் பெயர்தான். இரண்டு பெண்கள் ஜோடியாக ஆடுவது எந்த வகுப்பிலும் சாதாரணம். இசைக்குழுவுக்கு அருகில் நிற்பவர்கள் முதல் ஜோடி, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது.

பெரும்பாலான நடனங்கள் 32 பார் நீளம். ஒரு சுற்று முடியும்போது முதல் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கியிருக்க வேண்டும், இரண்டாவது ஜோடி ஓர் இடம் மேலே ஏறியிருக்க வேண்டும். இந்த இடமாற்றம் நடக்கவில்லை என்றால் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது. மூன்று ஜோடிகள் ஆடும் நடனத்தை நான்கு ஜோடி செட்டில் ஆடினால், ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு முறை முதல் ஜோடியாக ஆடும் வாய்ப்பு வரும். மொத்தம் எட்டுச் சுற்று. இசைத்தட்டுகளில் 8x32 என்று போட்டிருப்பது இதைத்தான்.

அடிகள் மூன்று தெரிந்தால் இந்த நடனத்துக்குப் போதும். நகர்வதற்கு ஸ்கிப் சேஞ்ச், நின்ற இடத்தில் துணையைப் பார்த்து ஆடுவதற்குப் பா டி பாஸ்க், கை கோத்து வட்டமாகப் பக்கவாட்டில் போவதற்கு ஸ்லிப் ஸ்டெப். நின்ற இடத்தில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு பா டி பாஸ்க் ஆடுவதை 'செட் செய்வது' என்பார்கள். நிற்கும் அமைப்புக்கும் செட், இப்படி ஆடுவதற்கும் செட், ஒரே சொல் குழப்புமே என்றால், ஆமாம், குழப்பும். எல்லா வகுப்பிலும் முதல் நாள் இந்தக் குழப்பம் உண்டு.

இந்த அடிகளும் உருவங்களும் (ஆடுபவர்கள் நகர்ந்து போடும் வடிவங்கள்) இன்று உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் 1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கம். ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பெண்கள் முன்நின்று தொடங்கியது. 1951-இல் அதற்கு 'ராயல்' பட்டம் சேர்ந்தது. டோக்கியோவில் கற்றவரும் டொராண்டோவில் கற்றவரும் அபர்டீனில் ஒரே செட்டில் ஆட முடிகிறது என்றால் அந்த ஒழுங்கால்தான். நீங்கள் அமைக்கும் நடனமும் அந்த ஒழுங்குக்குள் நின்றால்தான் வேறு ஊரில் யாராவது எடுத்து ஆடுவார்கள்.

படி 1: விழாவில் என்ன நகர்கிறது என்று பாருங்கள்

பர்க்ஹெட்டில் ஆண்டுதோறும் ஜனவரி 11 மாலையில் கிளேவியைக் கொளுத்துகிறார்கள். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகச் சனிக்கிழமையே முடித்துவிடுவார்கள். ஏன் ஜனவரி 11? பிரிட்டன் 1752-இல் ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறியபோது 11 நாட்கள் காணாமல் போயின. பர்க்ஹெட்காரர்கள் புதுப் புத்தாண்டையும் ஏற்றுக்கொண்டார்கள், பழையதையும் விடவில்லை. வருடத்துக்கு இரண்டு புத்தாண்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்!

கிளேவி என்பது பாதியாக வெட்டிய மரப்பீப்பாய். அதை ஒரு கம்பத்தின் தலையில் ஆணியடித்துப் பொருத்தி, உள்ளே விறகும் தாரும் நிரப்புவார்கள். ஆணியை அடிக்கச் சுத்தியல் கூடாது, கல்லால்தான் அடிக்க வேண்டும். தீக்குச்சியும் கூடாது, ஒரு வீட்டு அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் பீட் கட்டியால் (சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிபொருள்) பற்றவைக்க வேண்டும். கிளேவி ராஜா என்று ஒருவர் தலைமையில், உள்ளூரில் பிறந்தவர்கள் அடங்கிய குழு அதைத் தோள்மாற்றித் தோள்மாற்றி ஊரைச் சுற்றித் தூக்கிப் போகும். வலம்தான் வருவார்கள், இடம் சுற்றுவதில்லை. வழியில் சில வாசல்களில் நிறுத்தி, எரிந்துகொண்டிருக்கும் விறகுத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அது அந்த வீட்டுக்கு நல்லது. தூக்குபவர் தடுக்கி விழுந்தால் கெட்ட சகுனம் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. கடைசியில் டூரி குன்று. ஸ்காட்லாந்தின் பண்டைய பிக்டிஷ் மக்கள் கட்டிய பழைய கோட்டையின் மண் அரணில் மிஞ்சிய மேடு அது. அங்கே கிளேவியை ஒரு தூண்மேல் ஏற்றி, மேலும் எண்ணெய் ஊற்றி, குன்றே எரிவதுபோல எரியவிடுவார்கள். சிதறும் கரித்துண்டுகளை ஊரார் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள், வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புவதுண்டு.

இதைப் படித்ததும் கை பரபரக்கும். தீ! கைகளை மேலே தூக்கிச் சுடர் மாதிரி அசைக்கலாமே, நடுவில் ஒருவரை நிறுத்தி மற்றவர்கள் சுற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் அபிநயம் பிடிக்கிற நடனம் அல்ல. அதில் கதை சொல்வது ஆடுபவர் போகும் பாதை மட்டும்தான். ஒரு தாளில் வினைச்சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். சுமக்கிறார்கள், கைமாற்றுகிறார்கள், வலம் வருகிறார்கள், வாசலில் நிற்கிறார்கள், ஏற்றுகிறார்கள், பகிர்கிறார்கள். சுமப்பதையும் ஏற்றுவதையும் தட்டையான தரையில் காட்ட முடியாது, அடித்துவிடுங்கள். மிஞ்சியது நான்கு. அதில் எது விழா முழுக்க மாறாமல் இருக்கிறது? வலம் வருவது. அதுதான் நம் விதி. இந்த நடனத்தில் யாரும் எந்தப் பாரிலும் இடஞ்சுழியாகச் சுற்றக் கூடாது.

வேறு விழாவை எடுத்தாலும் இதே வேலைதான். ஷெட்லாண்டின் லெர்விக்கில் ஜனவரிக் கடைசிச் செவ்வாயில் நடக்கும் அப் ஹெல்லி ஆ விழாவில் தீப்பந்தக்காரர்கள் ஒரு படகைச் சுற்றிவந்து பந்தங்களை உள்ளே எறிகிறார்கள். அங்கே விதி வெளியிலிருந்து நடுவுக்கு வருவதாக இருக்கலாம். எல்லைப்புற ஊர்களின் காமன் ரைடிங்கில் குதிரைகளில் போய் ஊர் எல்லையைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறார்கள். அங்கே வெளிவிளிம்பை விட்டு உள்ளே வராமல் இருப்பது விதியாகலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு விதி வைத்தால் 32 பார் போதாது.

படி 2: இசையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை. 6/8 தாளத்தில் துள்ளும் ஜிக், சமமாக ஓடும் ரீல், மெதுவாகக் கம்பீரமாகப் போகும் ஸ்ட்ராத்ஸ்பே. கடைசி வகைக்குப் பெயர் தந்த ஸ்பே ஆறு மோரே வழியாகத்தான் கடலில் சேர்கிறது. பர்க்ஹெட் நடனத்துக்கு ஸ்ட்ராத்ஸ்பேதான் பொருத்தம் என்று மனசு இழுக்கும். எரியும் தார்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு யாரும் அவ்வளவு நிதானமாக நடப்பதில்லை என்பதால் அதை விட்டேன். ஜிக்கும் ரீலும் ஒரே அடிகளைக் கொண்டவை, எதை வைத்தாலும் இந்த நடனம் ஆடும். நான் ஜிக் எடுத்தேன். கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறவரின் நடையில் ஒரு குதிப்பு இருக்கும், அது 6/8-இல் இயல்பாக வந்துவிடுகிறது.

எட்டுச் சுற்றுக்கு ஏறத்தாழ நாலரை நிமிடம் ஆகும். இசைக்குழு இருந்தால் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் ஒரே மெட்டை வாசிப்பார்கள், நடுவில் வேறு மெட்டுகள் மாறி மாறி வரும். அந்த முதல் மெட்டுதான் நடனத்தின் அடையாளம். உங்கள் வட்டத்தில் பிடில் வாசிப்பவர் இருந்தால் புதிதாக ஒன்று போட்டுத்தரச் சொல்லுங்கள். எட்டு எட்டுப் பாராக நான்கு வாக்கியம் தெளிவாகக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஆடுபவர்கள் பாரை எண்ணுவதில்லை, இசை வாக்கியம் முடிவதைக் காதால் பிடிக்கிறார்கள்.

படி 3: உருவங்களைத் தேடுங்கள், முட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மேலிருந்து பார்த்தால் எது வலஞ்சுழி, எது இடஞ்சுழி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வலக்கை கொடுத்துச் சுற்றினால் வலஞ்சுழி. மூன்று நான்கு பேர் நடுவில் வலக்கை சேர்த்துச் சக்கரமாகச் சுற்றுவதும் வலஞ்சுழி. கை கோத்த வட்டம் இடப்பக்கமாக நகர்ந்தால் அதுவும் வலஞ்சுழிதான். இது முதலில் நம்பக் கடினமாக இருக்கும், எழுந்து நின்று செய்து பாருங்கள். இடக்கைச் சுற்றும் இடக்கைச் சக்கரமும் நம் நடனத்தில் கிடையாது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வழக்கமான நடனங்களில் வலக்கை, இடக்கை மாறி மாறி வரும். மூலையில் இருப்பவருக்கு வலக்கை, துணைக்கு இடக்கை, மறு மூலைக்கு வலக்கை என்று. அழகுக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில்தான் சுழல முடியும். அதேபோல, ஒரு சுற்றிலிருந்து பக்கத்துச் சுற்றுக்குத் தாவும் ஆட்டக்காரரின் உடம்பு திசை மாறத்தான் விரும்பும். துணையோடு வலக்கையில் சுற்றி முடித்த வேகத்தில் பக்கத்து ஜோடியோடு மறுபடி வலக்கைச் சக்கரம் என்றால், உடம்பு ஒரு பக்கம் போகும், நடனம் இன்னொரு பக்கம் இழுக்கும். செட்டில் இதை 'ஓட்டம் இல்லை' என்பார்கள். ஒரு நடனத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது.

இரண்டு வழி இருக்கிறது. விதியை விட்டுவிடலாம், அல்லது முட்டும் இடத்தில் ஓட்டத்தையே நிறுத்தலாம். கிளேவி வாசலில் நிற்கிறது அல்லவா? அதுதான் விடை. திசை முட்டும் இடத்தில் எல்லாரும் நின்று செட் செய்யட்டும். இரண்டு பா டி பாஸ்க் போட்டதும் பழைய வேகம் கரைந்துவிடும், புதுத் திசையில் போக உடம்பு தயார். விழாவின் நிறுத்தமும் உடம்பின் தேவையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அமைப்பவருக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் மீதி நடனம் தானாக எழுதிக்கொள்ளும்.

இன்னொரு கண்டுபிடிப்பு. மேல் சக்கரம் ஒன்று, கீழ்ச் சக்கரம் ஒன்று, இரண்டும் வலக்கையில் சுழல்கின்றன. முதல் பெண் மேல் சக்கரத்தில், முதல் ஆண் கீழ்ச் சக்கரத்தில். ஒரு முழுச் சுற்று முடிந்து தன் பக்கத்துக்கு வரும்போது பெண்ணின் வேகம் கீழ்நோக்கி இருக்கிறது, ஆணின் வேகம் மேல்நோக்கி. அவள் அப்படியே ஓடிக் கீழ்ச் சக்கரத்தில் வலக்கையை வைத்துவிடலாம், அவன் மேல் சக்கரத்தில். மற்ற நால்வரும் கையை எடுக்கவே வேண்டாம். சக்கரம் நிற்காமல் ஓடுகிறது, தூக்கும் ஆள் மட்டும் மாறுகிறார். கிளேவியின் தோள்மாற்றம் அப்படியே கிடைத்துவிட்டது. இங்கே திசை முட்டுவதில்லை. இருவரும் ஒரு சக்கரத்தின் நடுப்பக்கத்திலிருந்து தாவவில்லை, அதன் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகிறார்கள்.

படி 4: நடனம், பார் பாராக

தற்காலிகப் பெயர்: ரவுண்ட் த ப்ராக். பர்க்ஹெட்டை உள்ளூரில் ப்ராக் என்றுதான் சொல்வார்கள். நான்கு ஜோடி செட்டில் மூன்று ஜோடிகள் ஆடும் ஜிக், 8x32.

*பார் 1 முதல் 8 வரை: ஊர்வலம்.* முதல் பெண் தன் வரிசைக்கு வெளியே திரும்பி, பெண்கள் பின்னால் கீழே போகிறாள். முதல் ஆண் குறுக்கே கடந்து, அவள் போன வழியிலேயே பின்தொடர்கிறான். இருவரும் மூன்றாவது பெண்ணைத் தாண்டி, மூன்றாவது ஜோடிக்குக் கீழே குறுக்கே கடந்து, மூன்றாவது ஆணுக்குப் பின்னால் மேலே ஏறி, இரண்டாவது இடத்தில் உள்ளே நுழைகிறார்கள். பெண் 7, 8-ஆம் பாரில் செட்டைக் கடந்து தன் பக்கம் சேர்கிறாள். ஆண் 8-ஆம் பாரில் தன் பக்கத்திலேயே இரண்டாவது இடத்தில் நின்றுவிடுகிறான்.

இரண்டாவது ஜோடி மேலே ஏறுவது 5, 6-ஆம் பாரில். வழக்கமாக இது 3, 4-இல் நடக்கும். இங்கே அப்படி வைத்தால், கடந்துவரும் முதல் ஆணும் மேலே ஏறும் இரண்டாவது பெண்ணும் ஒரே இடத்தில் மோதுவார்கள். 5-ஆம் பாருக்குள் அவன் அவளைத் தாண்டியிருப்பான். முதல் பெண் உள்ளே நுழைய வேண்டிய இடமும் 7-க்கு முன் காலியாகிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் இதை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒருமுறை மோதித்தான் கற்றுக்கொள்வார்கள்.

*பார் 9 முதல் 16 வரை: வாசல்.* இப்போது மேலிருந்து 2, 1, 3 என்ற வரிசை. மூன்று ஜோடிகளும் 9, 10-இல் துணையைப் பார்த்துச் செட் செய்கிறார்கள். 11 முதல் 14 வரை துணையோடு வலக்கை கொடுத்து ஒரு முழுச் சுற்று. 14-ஆம் பார் முடிவதற்குள் எல்லாரும் தங்கள் வரிசைக்கே திரும்பியிருக்க வேண்டும். 15, 16-இல் மறுபடி செட். மேலே சொன்ன பல்சக்கரச் சிக்கல் இந்தக் கடைசிச் செட்டில்தான் கரைகிறது. சோம்பலாக இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சக்கரத்துக்குப் போகப் பார்ப்பவர்கள் அடுத்த உருவத்தில் தடுமாறுவார்கள்.

*பார் 17 முதல் 24 வரை: தோள்மாற்றம்.* முதல் பெண் இரண்டாவது ஜோடியோடு, முதல் ஆண் மூன்றாவது ஜோடியோடு, மூன்று பேர் வலக்கைச் சக்கரம், நான்கு பாரில் ஒரு முழுச் சுற்று. 20-இன் முடிவில் பெண் தன் பக்கமாகக் கீழே ஓடி மூன்றாவது ஜோடியோடு சேர்கிறாள், ஆண் தன் பக்கமாக மேலே ஓடி இரண்டாவது ஜோடியோடு சேர்கிறான். மறுபடி நான்கு பாரில் முழுச் சுற்று. இரண்டாவது, மூன்றாவது ஜோடிகள் எட்டுப் பாரும் கையை எடுப்பதில்லை. முதல் ஜோடி 24-இல் தங்கள் பக்கம் இரண்டாவது இடத்தில் வந்து நிற்கிறது.

*பார் 25 முதல் 32 வரை: குன்று.* ஆறு பேரும் கை கோத்து, இடப்பக்கமாக, ஒரே முழு வட்டம். 16 ஸ்லிப் ஸ்டெப்.

கடைசி எட்டுப் பார்தான் பழகிய கால்களுக்குத் தொல்லை. ஆறு கை வட்டம் என்றால் நான்கு பார் இடப்பக்கம், நான்கு பார் திரும்பி வலப்பக்கம் என்று எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. இங்கே திரும்பினால் இடஞ்சுழி, விதி உடைந்தது. அதனால் திரும்பாமல் முழு வட்டம். எட்டுப் பார் தாராளமாக இருப்பதால் அடியைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய அடி வைத்தால் 30-ஆம் பாரிலேயே வீடு வந்துவிட்டு அசட்டுத்தனமாக நிற்க வேண்டியிருக்கும்.

சுற்று முடிந்தது. வரிசை 2, 1, 3, 4. முதல் ஜோடி இரண்டாவது இடத்திலிருந்து 3, 4 ஜோடிகளோடு இன்னொரு முறை ஆடும். அது முடிந்ததும் நான்காவது ஜோடி மேலே ஏற, முதல் ஜோடி வெளியே ஒதுங்கி அடிக்குப் போய்ச் சேரும், அதே நேரத்தில் புதிய மேல் ஜோடி ஆடத் தொடங்கியிருக்கும்.

படி 5: மேசையில் ஒருமுறை, தரையில் பலமுறை

ஆட்களைக் கூட்டுவதற்கு முன் மேசைமேல் எட்டு நாணயங்களை வையுங்கள். தலை விழுந்தது ஆண், பூ விழுந்தது பெண். ஒவ்வொரு பாராக நகர்த்துங்கள். இடமாற்றம் சரியாக நடக்கிறதா, எல்லாரும் சொந்தப் பக்கம் சேர்கிறார்களா என்பது இதில் தெரிந்துவிடும். பல புது நடனங்கள் இந்தப் பரிசோதனையிலேயே தோற்கும்.

நாணயத்துக்கு வேகம் கிடையாது, அதனால் ஓட்டம் தரையில்தான் தெரியும். முதலில் இசை இல்லாமல் நடந்து பாருங்கள், அப்புறம் இசையோடு, அப்புறம் நீங்கள் ஆடாமல் வெளியே நின்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம். அமைத்தவர் செட்டுக்குள் இருந்தால், தெரியாமலே மற்றவர்களைக் கண்ணாலும் தோளாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். நடனம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். வெளியே நிற்கும்போது பாருங்கள்: யார் தயங்குகிறார்கள், எந்தப் பாரில் தோள் பின்னால் சாய்கிறது, யார் சும்மா நிற்கிறார்கள். ஒருவர் ஓரிடத்தில் தவறினால் அது அவருடைய தவறு. மூன்று பேர் அதே இடத்தில் தவறினால் அது நடனத்தின் தவறு, மாற்றி எழுதுங்கள்.

பல வயதினரையும் வைத்துச் சோதிப்பது நல்லது. ஊர் விழாவுக்கான நடனத்தை அன்றிரவு முதல் முறை ஆடுபவர்களும் ஆடுவார்கள். முதல் எட்டுப் பாரில் முதல் ஜோடி போகும் தூரம் கொஞ்சம் அதிகம். முட்டி வலிப்பவர்களுக்கு மூன்றாவது ஜோடியைக் கொஞ்சம் மேலே நெருங்கி நிற்கச் சொன்னாலே போதும், பாதை சுருங்கிவிடும். தடுக்கி விழுவது கெட்ட சகுனம் என்று நம்பும் ஊரின் பெயரில் அமைத்துவிட்டு ஆட்களைத் தடுக்கவிடக் கூடாது இல்லையா?

படி 6: சொல்லிக்கொடுப்பது

வரிசையாக முதல் பாரிலிருந்து தொடங்காதீர்கள். தோள்மாற்றத்திலிருந்து தொடங்குங்கள். நால்வரை மட்டும் நிற்கவைத்து இரண்டு சக்கரம் சுழலச் சொல்லுங்கள், அப்புறம் முதல் ஜோடியை நடுவில் விடுங்கள். 'கை மாறாது, ஆள் மாறும்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது பிடிபட்டுவிட்டால் வகுப்பில் ஒரு சிரிப்பு வரும், மீதியைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஊர்வலத்தைச் சொல்லித்தரும்போது முதல் ஆணிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: அவளைப் பிடிக்க ஓடாதே. ஒன்றரைப் பார் இடைவெளி அப்படியே இருக்கட்டும். முந்தினால் 7-ஆம் பாரில் இருவரும் ஒரே வாசலில் நுழையப் பார்ப்பார்கள். வட்டத்துக்கு முன், 24-ஆம் பாரிலேயே, 'இடது, இடது, திரும்பாதே' என்று குரல் கொடுங்கள். குரல் எப்போதும் உருவத்துக்கு ஒரு பார் முன்னால் வர வேண்டும். உருவம் தொடங்கியபின் வரும் குரல் யாருக்கும் உதவாது.

விழாவின் கதையை எப்போது சொல்வது? என் வழக்கப்படி, ஒருமுறை ஆடி முடித்தபின். முதலிலேயே பீப்பாய், தார், குன்று என்று ஆரம்பித்தால் ஆட்கள் தீயை நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆடியபின் சொன்னால், 'ஓ, அதனால்தான் திரும்பவே இல்லையா' என்று கால்களுக்குத் தெரிந்தது தலைக்கும் ஏறும்.

படி 7: எழுதி வைப்பதும் பெயர் வைப்பதும்

இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, மேலே நான் எழுதியதுபோல் முழு விளக்கம், கற்றுத்தருபவருக்கு. இன்னொன்று, ஆடப்போகும் முன் கண்ணோட்டமாகப் பார்த்துக்கொள்ளச் சுருக்கக் குறிப்பு. ஆட்டக்காரர்கள் இதை கிரிப் என்பார்கள். நம் நடனத்துக்கு அது இப்படி இருக்கும் (மு.பெ. என்றால் முதல் பெண், மு.ஆ. என்றால் முதல் ஆண்):

1–8: மு.பெ. இறங்க, மு.ஆ. கடந்து பின்தொடர, 3-ஆம் ஜோடியைச் சுற்றி வலமாக 2-ஆம் இடத்துக்கு (2-ஆம் ஜோடி 5, 6-இல் மேலே).
9–16: மூன்று ஜோடியும் செட், வலக்கைச் சுற்று, செட்.
17–24: மு.பெ. 2-ஆம் ஜோடியோடு, மு.ஆ. 3-ஆம் ஜோடியோடு வலக்கைச் சக்கரம். முதல் ஜோடி சக்கரம் மாறி மீண்டும்.
25–32: ஆறு கை வட்டம், இடப்பக்கமாக முழுச் சுற்று.

வட்டமும் கோடும் அம்பும் கொண்ட பில்லிங் குறியீட்டில் ஒரு படமும் சேர்த்தால் இன்னும் நல்லது. பலர் சொற்களைவிட அந்தச் சின்னக் கட்டங்களைத்தான் நம்புகிறார்கள்.

பெயரைக் கடைசியில் வையுங்கள். ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ்களுக்கென்று இணையத்தில் பெரிய தரவுத்தளம் இருக்கிறது, அங்கே தேடிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஒரே பெயரில் மூன்று நடனம் இருந்தால், இசைக்குழு ஒன்றை வாசிக்க, செட் இன்னொன்றை ஆடும் கூத்து நடக்கும். விழா உயிரோடு இருக்கும் ஊரின் பெயரை வைப்பதென்றால், அச்சில் போடும் முன் அந்த ஊர்க்காரர் யாரிடமாவது காட்டுங்கள். தங்கள் ஊர்வலம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 15, 16-ஆம் பாரில் இன்னொரு நிறுத்தம் எதற்கு என்று அவர்கள் கேட்டால், பல்சக்கரக் கணக்கைச் சொல்லுங்கள். சமாதானம் ஆகவில்லை என்றால் ஒருமுறை அந்தச் செட் இல்லாமல் ஆடிக் காட்டுங்கள்.